ஆடுகள் குடிக்காத கிணறு

"ஆடே மோந்து பாத்துட்டுத் திரும்பிப் போற தண்ணிய நாம மட்டும் ஏன் மாமா குடிக்கிறோம்?" என்று போன கோடையில் சிறுமி ஷெய்லா கேட்டாள்.

அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோ மக்களின் மன்ற உறுப்பினர் எர்வின் டொஹானி சிரித்து மழுப்பினார். பழைய யுரேனியச் சுரங்கத்தின் விஷம் அந்தக் கிணற்றில் கலந்திருப்பதாகச் சொன்ன சோதனைத் தாள் அப்போதே அவர் சட்டைப்பையில் இருந்தது. கெட்டதை வாய்விட்டுச் சொன்னால் அது வந்தே தீரும் என்பது அந்தச் சனத்தின் நம்பிக்கை. அவரும் நம்பி வாயை மூடிக்கொண்டார். சொல்லாமலே அது வந்துவிட்டது. ஷெய்லாவின் சிறுநீரகம் கெட்டு, தாய் லொரீனா அவளோடு மருத்துவமனையில் கிடந்தாள்.

ஊர்க்கூட்டத்தில் எர்வின் எழுந்து தாளைப் படித்தார்.

"வாயக் கழுவுய்யா! சொல்லிச் சொல்லியே எல்லாரையும் சாகடிச்சிருவ போலிருக்கே," என்று கத்தினார் ஒரு கிழவர். "அடுத்த தேர்தல்ல ஆடுகூட உனக்கு ஓட்டுப் போடாது."

"அதுக்கு இருந்த புத்தி எனக்கு இல்லாமப் போச்சே, தாத்தா."

வெளியே சுரங்க மேட்டிலிருந்து மஞ்சள் புழுதி கிளம்பி ஊரை நோக்கி வந்துகொண்டிருந்தது. எர்வின் நாற்பது மைல் போய் நகரத்தில் நல்ல தண்ணீர் பிடித்துவந்தார். ஆளில்லாத லொரீனா வீட்டுப் பீப்பாயைக் கவிழ்த்துக் கழுவி, விளிம்புவரை நிரப்பினார். தங்கள் சனத்தின் வழக்கப்படி சோளப்பூந்தாது ஒரு சிட்டிகை தூவிக் குழந்தைக்காக வேண்டிக்கொண்டு, யாரும் வருமுன் கிளம்பிவிட்டார்.