பேர் எழுதாத ஃபேன்

குளத்தூர்ப் பக்கத்து அந்தச் சபையில் ஃபேனுக்குக் குறைவே இல்லை. வீட்டில் ஒருவர் செத்துப்போனால், கல்லறை கட்டி முடித்த கையோடு சபைக்கு ஒரு ஃபேன் வாங்கிக் கொடுப்பது அங்கே வழக்கம். செத்தவர் பேரையும் கொடுத்தவர் பேரையும் ஓர் இறக்கையில் சிவப்புப் பெயிண்டால் எழுதி மாட்டிவிடுவார்கள். சுற்றும்போது சிவப்பாக ஒரு வளையம்தான் தெரியும். பிரசங்கத்துக்கு நடுவில் கரண்ட் போனால் எல்லாரும் தலையை நிமிர்த்திப் படித்துக்கொள்ளலாம்.

சபைச் செக்ரட்டரி சுந்தரதாஸ் கெட்ட மனுசர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், பிறகு சொல்ல வாய்க்காது.

போன வருசம் சபைக் கோயிலுக்குப் பெயிண்ட் அடித்தபோது ஃபேன்களையெல்லாம் கழற்றி இறக்கினார்கள். திரும்ப மாட்டும்போது ஒன்று மட்டும் ஓடாமல் உறுமியது. அது தங்கபாய் கொடுத்தது. அவளுக்கு இருந்தது ஒரே மகன், வினீத். நெய்யாற்றின்கரைக்கு பைக்கில் வேலைக்குப் போனவன் ஒரு நாள் திரும்பி வரவில்லை. ஃபேனை ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டிச் சாவியை சுந்தரதாஸ் எடுத்துக்கொண்டார்.

"எனக்க மகனுக்க ஃபேன் எங்க செக்ரட்டரி?" என்று தங்கபாய் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கேட்டாள்.

"பத்திரமா உண்டு அக்கா. சரியாக்கி சண்டே ஸ்கூல் ரூமில மாட்டணும்."

சொன்னபோது அது பொய் இல்லை. செய்வதாகத்தான் இருந்தார்.

அப்போதுதான் பஞ்சாயத்து ஹாலில் முகாம் வந்தது. கரண்ட் தின்னும் பழைய ஃபேனைக் கொடுத்தால், கரண்ட் குறைவாக எடுக்கும் புது ஃபேனை அரசாங்கத் தள்ளுபடியில் வாங்கலாம். வீட்டுக்கு மூன்று வரைக்கும் தருவார்கள், வீடுகளுக்கு மட்டும்தான். சுந்தரதாஸ் வீட்டில் கணக்காக மூன்று பழைய ஃபேன் இருந்தன. இரண்டைக் கழற்றினார். மூன்றாவதோ மாமனார் காலத்து ஃபேன், நல்ல கனம், நல்ல காற்று. ரப்பர் ஷீட் உலர்த்தும் ஷெட்டில் மாட்டினால் பத்து வருசம் ஓடும். அதைக் கொடுக்க மனசு வரவில்லை, மூன்றாவது தள்ளுபடியை விடவும் மனசு வரவில்லை. ஸ்டோர் ரூம் சாவியோ சட்டைப் பையிலேயே கிடந்தது.

முகாம் அன்று காலையில் அவர் கிணற்றடியில் உட்கார்ந்து ஓர் இறக்கைக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். மனைவி ஜெயபாய் எட்டிப் பார்த்தாள்.

"தூக்கிக் குடுக்கப்போற ஃபேனுக்கு எதுக்கு இப்பம் பெயிண்டு அடிக்கிதிய?"

"துருவாக்கும். பாக்கக் கேவலமா கெடக்கு."

துருவும் இல்லை, ஒன்றும் இல்லை. ஜெயபாய் மேற்கொண்டு கேட்கவில்லை. சபைக் காரியத்தில் கணவரைக் கேள்வி கேட்டு அவளுக்குப் பழக்கம் கிடையாது.

ஹாலில் நல்ல கூட்டம். செக்ரட்டரி என்பதால் வழிவிட்டார்கள், அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கிய பழைய ஃபேன்கள் மறுபடி கடைக்குப் போய்விடாமல் இருக்க, ஓர் இளைஞன் அங்கேயே சுத்தியலால் இறக்கைகளை அடித்து வளைத்துப் போட்டுக்கொண்டிருந்தான். மூன்று இறக்கையும் வளைந்தால்தான் புது ஃபேன் கைக்கு வரும். முதல் இரண்டு ஃபேனும் முடிந்தன. மூன்றாவதைத் தூக்கியவன் கையைப் பார்த்தான். உள்ளங்கை முழுக்க வெள்ளை. மழை ஈரத்தில் பெயிண்ட் காயவே இல்லை. கையைத் துணியில் துடைத்தவன் இறக்கையையும் சேர்த்துத் துடைத்தான்.

"வினீத் நினைவாக," என்று உரக்கப் படித்தான். "ஆரு சாரே இந்த வினீத்?"

சுந்தரதாஸ் வாயைத் திறந்தார்.

"எனக்க மகனாக்கும்," என்று வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

தங்கபாய் தன் வீட்டின் ஒரே ஃபேனைச் சாக்கில் கட்டி இடுப்பில் வைத்தபடி நின்றாள். சாக்கைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள். இறக்கையைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் வெள்ளை ஒட்டியது. சுந்தரதாஸுக்கு அந்த இடத்திலேயே செத்துப்போனால் தேவலை என்றிருந்தது.

"மக்கா, இந்த ஒரு லீஃபு மட்டும் எனக்குத் தருவியா?"

"தரலாம் அம்மச்சி. ஆனா மூணு லீஃபும் இல்லேண்ணா சாருக்கு ஃபேன் கிட்டாது." இளைஞன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "இது சாருக்க ஃபேன்தானே?"

தங்கபாய் சுந்தரதாஸைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவர் தப்பித்திருப்பார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருக்கிற மாதிரி பார்த்தாள். எனக்கு ஃபேன் வேண்டாம், அதைக் கொடுத்துவிடு என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சுற்றிலும் சபைக்காரர்கள். சுந்தரதாஸ் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவியளுக்கதான்," என்றாள் தங்கபாய். "அடிச்சுக்கோ மக்கா."

சுத்தியல் விழுந்தது. பேர் எழுதிய இறக்கைதான் முதலில் வளைந்தது.

வீட்டில் மூன்று புது ஃபேனும் சத்தமில்லாமல் சுற்றின. மூன்றாவதன் கீழே அவரால் உட்கார முடியவில்லை. சனிக்கிழமை அதைக் கழற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோய் வினீத் ஃபேன் தொங்கிய அதே கொக்கியில் மாட்டினார். பிறகு தங்கபாய் வீட்டு முற்றத்தில் போய் நின்றார்.

"அக்கா, புது ஃபேன் போட்டாச்சு. வினீத்துக்க பேரு எழுத ஆளு வரச்சொல்லியிருக்கேன்."

அவள் மரச்சீனிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"எழுதாண்டாம். அவனுக்க பேர அடிச்சு வளைக்கும்போ பாத்துட்டுதானே நிண்ணிய? இனி அவன் பேரு உங்க ஃபேனில வேண்டாம்."

அவ்வளவுதான் சொன்னாள். அவரும் திரும்பி வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆயர் பிரசங்கத்துக்கு நடுவில் மேலே பார்த்தார். வரிசையாகச் சிவப்பு எழுத்துப் போட்ட ஃபேன்களுக்கு இடையில் ஒன்று மட்டும் வெறுமையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கமிட்டியில் யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

"நம்ம செக்ரட்டரி சொந்த வீட்டு ஃபேனைக் கழற்றிச் சபைக்குத் தந்திருக்கிறார். பேர்கூட எழுதச் சொல்லவில்லை. இப்படி ஒரு தாழ்மை நமக்கெல்லாம் வரவேண்டும்," என்றார் ஆயர்.

சுந்தரதாஸ் எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தார். இரண்டு கையாலும் முன் பெஞ்சைப் பிடித்தார், ஆனால் எழுந்திருக்கவில்லை. சபையார் கை தட்டினார்கள். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் தங்கபாயும் தட்டினாள்.