இடது விலாவில் ஒரு கரை

ஆவூர் அருளம்மாளின் இடது விலாவில் கடற்கரை உண்டானது 1949இல். அந்த வருஷம் மிளகாய்க்கு நல்ல விலை. முதலில் அலைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பிறகு ரவிக்கையின் இடது பக்கம் உப்புப் பூத்தது. காலையில் பாயை உதறினால் ஈர மணல் கொட்டியது, சில நாள் குட்டி நண்டும் விழுந்து ஓடியது. கடலுக்குப் போக ஒரு பகல் பஸ்ஸில் உட்கார வேண்டிய ஊர் ஆவூர். ஆனாலும் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டு மரிய செல்வி மட்டும் அந்த வாடையை வைத்து, கருவாடு வாங்கினால் நமக்கும் ஒரு துண்டு தரக்கூடாதா என்று கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். திருச்சி டாக்டர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, நுரையீரலில் ஒன்றுமில்லை, கடல்தான் என்று அனுப்பிவிட்டார்.

பங்குச் சாமியாருக்குத்தான் விஷயம் பிடிபட்டது. அவர் பிரான்ஸ் தேசத்துக்காரர். முந்தின வருஷம், புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த சமயத்தில், அருளம்மாளுக்கும் அந்தோணிமுத்துவுக்கும் தாலி மந்திரித்துக் கொடுத்தவர். ஆணின் விலா எலும்பிலிருந்து பெண்ணை எடுத்ததை அந்தக் கல்யாணப் பிரசங்கத்தில் சொன்னபோது, ஆசைக்கு லத்தீனிலும் ஒரு தரம் சொல்லிவைத்தார்: கோஸ்தா. லத்தீனில் அது விலா. தேய்ந்து தேய்ந்து அவர் பாஷையில் 'கோத்' ஆனபோது விலாவுக்கும் கடற்கரைக்கும் அந்த ஒரே சொல். போர்த்துக்கீசியரிடம் போனபோது விலா உதிர்ந்து கரை மட்டும் மிஞ்சியது. இங்கிலீஷ்காரர்களின் 'கோஸ்ட்'டும் அதன் பிள்ளைதான்.

"நான் விலான்னு சொன்னேன் அருளம்மா, அது கரைன்னு ஏறிருச்சு," என்றார். அந்தச் சொல்லுக்கு இன்னும் ஒரு அர்த்தம் இருந்தது. அதை அன்று அவர் சொல்லவில்லை.

அந்தோணிமுத்து கல்யாணமான சூட்டோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போயிருந்தான். கரை உண்டானதே அவன் வந்து இறங்கத்தான் என்று அருளம்மாள் எடுத்துக்கொண்டாள். கரை அடைபடக் கூடாதென்று வலது பக்கமாகவே ஒருக்களித்துப் படுத்தாள். வருஷங்கள் அப்படியே போயின. வலது தோள் காய்த்துப்போனது. கடலோரத்து ஜெகதாப்பட்டினத்தில் தோணி திரும்பத் தாமதமானால் பெண்கள் பஸ் பிடித்து வந்து அவள் விலாவில் காதை வைத்தார்கள். தங்கள் வீட்டு ஆளின் துடுப்புச் சத்தத்தைக் கேட்டதும் எழுந்து, சேலையை உதறிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குப் போனார்கள். அவர்கள் போனபின் வீடு இன்னும் பெரிதாகத் தெரியும். அவளுக்கென்று ஒரு துடுப்பும் கேட்டதில்லை.

1961இல், பினாங்கில் கடை வைத்திருந்து திரும்பிய திருமயத்துப் பெரியகருப்பன் தேடி வந்து, தரையைப் பார்த்தபடி சொன்னார்: "அந்தோணிமுத்து நல்லாத்தான் இருக்காருங்க. அங்கிட்டே ஒரு குடும்பமாகிப்போச்சு. ரெண்டு பொண்ணுங்க."

அவள் நேரே கோயிலுக்குப் போனாள். சாமியாருக்கு அதற்குள் தாடி முழுக்க வெளுத்திருந்தது. மிச்ச அர்த்தத்தை அவர் அன்றுதான் சொன்னார். போர்த்துக்கீசில் அந்தச் சொல்லின் கடைசியில் ஒரு எழுத்து கூடினால் முதுகு.

"அவரு காட்டுனது முதுகுன்னு அப்பவே சொல்லியிருக்கலாம்ல சாமி," என்றாள். வீட்டுக்கு வந்து, கரை உண்டான பிறகு முதல் தடவையாக இடது பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

அன்றிலிருந்து ஜெகதாப்பட்டினத்துத் தோணிகளுக்குக் கரை கிடைக்கவில்லை. மணலில் நின்றவர்களுக்குத் தோணியில் இருந்தவர்களின் முகம் தெரிந்தது. துடுப்பு வலித்து வலித்துப் பார்த்தும் தோணி நெருங்கவில்லை. குடிதண்ணீர் தீர்ந்துகொண்டிருந்தது. பெண்கள் மறுபடி பஸ் ஏறி வந்தார்கள். அருளம்மாள் எழுந்திருக்கவில்லை. முத்தாள் என்பவள் பாயோரம் உட்கார்ந்தாள். அவளுடைய புருஷனும் மகனும் ஒரே தோணியில் இருந்தார்கள்.

"அக்கா, ஒங்க ஆளு வரலைன்னு எங்க ஆளுகளையும் தண்ணியிலயே நிறுத்தாதீங்க. கொஞ்சம் பெரண்டு படுங்க."

அருளம்மாள் சத்தமில்லாமல் அழுதாள். பிறகு வலது பக்கம் புரண்டாள். சாயங்காலத்துக்குள் எல்லாத் தோணிகளும் கரையேறின. ஏலத்தில் சாளை மீன் மலிவாகப் போனது.

தூக்கத்தில் மறுபடி இடது பக்கம் புரண்டுவிடக் கூடாதே என்று, அதற்குப் பிறகு அவள் முதுகுக்கு ஒரு தலையணையை முட்டுக் கொடுத்துப் படுத்தாள். அந்த வீட்டில் இன்னொரு தலையணை என்று அந்தோணிமுத்துவுடையதுதான் இருந்தது.