உட்கார்ந்தபின் ஏறிய துடிப்பு

சுற்றி முடித்ததும் உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் நெஞ்சுத் துடிப்பு இறங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறதோ அவ்வளவு தெம்பு என்று கணக்கு. மதுரையில் பனித்தரைக்கு எங்கே போவது? ஹாஸ்டல் பெண்கள் சக்கரக் காலணியில்தான் பழகினார்கள். லடாக்கில் ஐஸ் ஹாக்கி ஆட ஆள் எடுக்க வேண்டும், மலைக்காற்றில் யாருக்கு மூச்சு தாங்குகிறதென்று பார்ப்போம் என்று கோச் குமாரவேல் எல்லாரையும் கொடைக்கானலுக்குக் கிளப்பிக்கொண்டு வந்திருந்தார். ஒவ்வொருத்தி நெஞ்சிலும் ஒரு பட்டை. அது அனுப்பும் எண் அவர் கையிலிருந்த டேப்லெட்டில் பெயரோடு தெரியும்.

நதியா முதலாவதாக வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். நூற்றெண்பதில் இருந்தது கடகடவென்று இறங்கியது.

"மலைக்காரப் புள்ளைன்னா சும்மாவா! இப்படியே எறங்குனா டீம்ல நீதான் மொத ஆளு," என்றார் கோச்.

அப்போதுதான் வேலியோரம் குதிரை கனைத்தது. அந்தக் கனைப்பு அவளுக்குத் தெரியாதா? ஏரிக்கரையில் சவாரிக்குக் குதிரை விடும் அப்பா பாண்டி நின்றிருந்தார். ஒரு கையில் கடிவாளம், மறு கையில் அவித்த கடலைப் பொட்டலம், முகமெல்லாம் சிரிப்பு. வராதீங்க என்று எத்தனை தடவை சொல்லியிருந்தாள்! ஹாஸ்டலில், கொடைக்கானலில் எங்கப்பாவுக்கு காட்டேஜ் இருக்கிறது என்று வாய் கூசாமல் அளந்து வைத்திருந்தாள், பாவி மகள்.

"யாருடி அது? ஒன்னையவே பாக்குறாரு," என்றாள் அடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்த சுபஸ்ரீ.

"தெரியல. சவாரிக்குக் கூப்புடுறாரு போல."

அது அவர் காதில் விழுந்துவிட்டது. சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"என்ன நதியா, உக்காந்த எடத்துல ஏறுது?" கோச் டேப்லெட்டைத் தட்டிப் பார்த்தார். "எல்லாருக்கும் எறங்குது, ஒனக்கு மட்டும் ஏறுதே!"

பாண்டி பதறிக்கொண்டு வேலியருகே வந்தார். "சார், அந்தப் புள்ளைக்கு நெஞ்சுல ஏதும் கோளாறுங்களா?"

"நீங்க யாருங்க?"

அவர் மகளைப் பார்த்தார். அப்பா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நதியா குனிந்து காலணிக் கயிற்றை அவிழ்த்து, மறுபடி கட்டினாள். அவமானத்தில் காதெல்லாம் எரிந்தது. அவரை நினைத்தல்ல, இப்போது தன்னை நினைத்துத்தான்.

"குதிரைக்காரன் சார். சும்மா கேட்டேன்." பொட்டலத்தை வேலிக்கல்லின் மேல் வைத்தார். "பாப்பா களைச்சுப் போயிக் கெடக்கு, குடுங்க. காசெல்லாம் வேணாம்."

குதிரையைத் திருப்பிக்கொண்டு ஏரிப் பக்கமாக நடந்தார். நதியா சட்டென்று எழப்போனாள்.

"எந்திரிக்காத! இதான் கடைசி அளவு. அசையாம உக்காரு," என்றார் கோச்.

உட்கார்ந்தாள். அவள் பெயருக்கு நேரே எண் சிவப்பாகி ஏறிக்கொண்டிருந்தது. இறக்கத்தில் குளம்புச் சத்தம் கேட்டது. வேலிக்கல்லின் மேல் பொட்டலத்திலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது.