வண்டிக் கூரையில் வெள்ளைக் களிமண்

இந்தத் தடவை சொட்டு எங்கே விழும்? தலைமாட்டிலா, கால்மாட்டிலா, இல்லை போன ஐப்பசியில் பிள்ளை கிடந்த அதே மூலையிலா?

வண்டிக்குள் தகரக் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்த வாசுகியின் மனசுக்குள் இதுவேதான் ஓடிக்கொண்டிருந்தது. வயிற்றில் ஏழு மாதம். மேலே அவள் புருசன் பக்கிரி சீட்டியடித்துக்கொண்டு களிமண் அப்பிக்கொண்டிருந்தான்.

லேகியம் விற்கிற வேன் அது. அடுப்பு, பாய், பாட்டில்கள் எல்லாம் அதற்குள்ளேதான். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவளுக்கு வேறு வீடு கிடையாது. கூவி விற்பதற்கென்று கூரையில் ஒலிபெருக்கிக் குழாய் ஒன்றைத் துளைபோட்டுத் திருகாணியால் முடுக்கியிருந்தான். அது கெட்டுப்போய்க் கழற்றியபின் துளைகள் மட்டும் மிஞ்சின. சோப்பை வைத்து அடைத்தான். போன ஐப்பசி அடைமழையில் சோப்பு கரைந்து, கைப்பிள்ளை நனைந்து, சளி கட்டி அடங்கிப்போயிற்று. பக்கிரி தலையிலடித்துக்கொண்டு அழுதான். அப்புறம் துளைகளில் மெழுகு ஊற்றினான். கோடையில் அது உருகி ஓடிற்று.

இப்போது விருத்தாசலத்தில், பீங்கான் சூளைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். சூளையில் வேலை செய்யும் பாலகிருஷ்ணனிடம் கேட்டு வாங்கிய மண் இது.

"டீ கப்பு, பேசினு எல்லாம் இந்த மண்ணுதான் புள்ள. ஒரு சொட்டு ஒழுவுதா?" என்றான் பக்கிரி கூரையிலிருந்து.

அப்பி முடித்து, தட்டில் கரிநெருப்பள்ளி அதன்மேல் வைத்து விசிறினான். கீழேயிருந்து பார்த்த பாலகிருஷ்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அண்ணே, ராவும் பகலும் சூளைல வெந்தாத்தான் அது பீங்கான். நீ விசுறுற நெருப்புல அப்பளங்கூட பொரியாது."

"என் லேகியத்த நம்ப ஊரெல்லாம் ஆளு இருக்குது. என் மண்ண நம்ப ஒருத்தன் இல்ல பாரு."

வாசுகிக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததும் பயந்தாள். அவன் ஒவ்வொரு தடவை அடைக்கும்போதும் அவளுக்குள் ஏதோ ஒன்று நம்பிவிடுகிறது. சோப்பை நம்பியது, மெழுகை நம்பியது. மழையைவிட அதுதான் அவளை வதைத்தது.

மத்தியானம் மழை பிடித்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் ஒழுகவில்லை. பக்கிரி அவளைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினான். அப்புறம் பால் மாதிரி ஒரு சொட்டு. களிமண் கரைந்து பாயில், தலையணையில், அவள் வயிற்றின்மேல் வெள்ளையாக இறங்கியது. அவள் துடைக்கவில்லை. செத்த பிள்ளையின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். முகம் வரவில்லை, நனைந்த துணியின் வாடைதான் வந்தது.

மழை விட்டதும் இறங்கி வெளியே நின்றாள். பக்கிரி வண்டியைக் கிளப்பிவிட்டு எட்டிப் பார்த்தான்.

"திட்டக்குடி சந்தைய முடிச்சிட்டுத் தாரு வாங்கிடலாம். சாக்கும் தாரும் வெச்சி அடைச்சா அசையாது. ஏறு."

பாலகிருஷ்ணன் பெண்டாட்டி வீராயி, பொம்மை காயவைக்கும் கொட்டகையில் படுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள். அங்கேயும் கீற்று ஒழுகத்தான் செய்யும். அங்கே போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று வாசுகிக்குத் தோன்றவில்லை. எங்கே போனாலும் தோன்றாது.

"நீங்க போயிட்டு வாங்க."

"இங்க தனியா என்னா பண்ணுவ?"

"தெரியல."

"அதான் தாரு வெச்சி அடைக்கிறேன்னு சொல்றேன்ல. எம்மேல நம்பிக்க இல்லியா?"

"இருக்குது," என்றாள் வாசுகி. "அதனாலதாங்க ஏற மாட்டேங்குறேன்."