படுத்துக் கிடந்த பான்சிகள்

சமையலறை ஜன்னலுக்குக் கீழே என் மனைவி பதினெட்டு பான்சிச் செடிகள் நட்டாள். குளிர்காலம் முழுக்கப் பூக்கும் என்றாள். மூன்று வாரத்தில் இறந்துபோனாள். அதற்கு முந்தின நாள் ராத்திரி தலைவலி. "காலையில எழுப்பாதீங்க" என்றாள். பத்து மணி வரை எழுப்பவில்லை. பிறகு எழுப்பினேன்.

அதற்கப்புறம் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை இந்தச் செடிகள்தான். வாடிய பூவைக் காம்போடு கிள்ளினேன். மண் காய்ந்தால் மட்டும் வேரில் தண்ணீர் விட்டேன். நத்தைகளைப் பொறுக்கினேன். ஒரு செடிகூடப் போகவில்லை.

மச்சினி போன் செய்தாள். "ஞாயித்துக்கிழமை வரேன் மாமா. அக்கா செடியில ஒண்ணாவது மிச்சம் இருக்கா?"

"வந்து எண்ணிப் பாரு."

ஞாயிறு காலை எட்டரைக்குப் பின்கதவைத் திறந்தேன். புல்லெல்லாம் உறைபனி. பதினெட்டும் விழுந்து கிடந்தன. இலை வெந்த கீரை மாதிரி. பூக்கள் குப்புற, முகம் மண்ணில்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. மச்சினி வருவதற்குள் சுத்தம் செய்துவிட வேண்டும் என்பது மட்டும் மண்டையில் இருந்தது. மேல்மண் இறுகியிருந்தது. தோட்டக் கைக்கரண்டியால் நெம்பி ஒன்றைப் பிடுங்கினேன். அப்புறம் அடுத்தது.

பதினோராவது கையில் இருக்கும்போது கேட் திறக்கும் சத்தம்.

"மாமா! என்ன பண்றீங்க?"

"செத்துப்போச்சு."

"யார் சொன்னா?"

"பார்த்தாலே தெரியுதே."

பிடுங்கிய செடியை வாங்கி மண்ணை உதறினாள். வேர் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"படிச்ச படிப்பையெல்லாம் பரண்ல போட்டுட்டீங்களா? பனி விழுந்தா இது இப்படித்தான் படுத்துக்கும். வெயில் பட்டா தானா எழுந்துக்கும். கொஞ்சம் பொறுத்தா என்ன?"

"எத்தனை மணிக்கு எழுந்துக்கும்?"

ஏதோ சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். அவள் அக்கா போன அன்றைக்கு நான் முதலில் போன் செய்தது அவளுக்குத்தான். மணி பத்தே கால்.

"பத்து... பத்தரை ஆகும் மாமா."

அவள் வாளியில் மண் அள்ளி, பதினோரு செடிகளையும் அதில் ஊன்றி, வராந்தாவுக்குத் தூக்கிப் போனாள். "பிழைச்சாலும் பிழைக்கும். கை கழுவிட்டு வாங்க, காபி போடறேன்."

நான் போகவில்லை. பக்கத்து வீட்டுக் கூரையைத் தாண்டி வெயில் சுவரில் இறங்கி மண்ணுக்கு வந்தது. ஓரத்துச் செடி முதலில் ஒரு இலையைத் தூக்கியது. அப்புறம் தண்டு. ஒரு மஞ்சள் பூ மண்ணிலிருந்து முகத்தை எடுத்து நேராக என்னைப் பார்த்தது. பத்தரைக்குள் மீதி ஏழும் நிமிர்ந்துவிட்டன.

பக்கத்தில் பதினோரு குழிகள்.

மச்சினி வந்து குனிந்தாள். கைக்கரண்டி இன்னும் என் கையில்தான் இருந்தது. விட முடியவில்லை. அவள் விரல் விரலாகப் பிரித்து வாங்கிக்கொண்டாள்.