ஓர்க்கோ என்றால் அரக்கனா?

1
இந்தக் கதை ஒரு சொல்லால் வந்த வினை. எழுதுகிறவள் நாகபூசணி, பலெர்மோவில் தமிழுக்கும் இத்தாலியனுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்ப்பவள். தன்னையும் 'அவள்' என்றே எழுதுகிறாள். 'நான்' என்று தொடங்கினால் தனக்காக வாதாடத் தொடங்கிவிடுவாள்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "ரோமர்களின் பாதாள தேவன் ஓர்க்குஸ். அவன் பெயர்தான் மருவி, ஆள்தின்னி அரக்கனைக் குறிக்கும் ஓர்க்கோ ஆகி*, பிறகு…"

(வேண்டாம். இதில் மனிதரே இல்லை.)

* கற்பனைக் கதைகளில் திரியும் ஓகர், ஓர்க் எல்லாம் இதன் உறவுக்காரர் என்பார்கள்.

2
அதே ஊரில் போர்கோ வெக்கியோ பகுதியில் குடியிருக்கும் நகுலேஸ்வரனின் (பெயரை மாற்றியிருக்கிறாள்) ஆறு வயது மகள் தர்மிகா பள்ளியில் ஒரு படம் வரைந்தாள். பெரிய பல், பெரிய கை. கீழே இத்தாலியனில்: "என் அப்பா ஓர்க்கோ."

பிள்ளைகளைச் சீரழிக்கும் ஆண்களையும் இங்குள்ள செய்தித்தாள்கள் ஓர்க்கோ என்றுதான் எழுதும். ஆசிரியை பயந்துபோனார். அடுத்த வாரமே சமூகப் பணி அலுவலகத்தில் தகப்பனை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

3
"பிள்ளை ஏன் உங்களை ஓர்க்கோ என்கிறாள்?"

சமூகப் பணியாளர் அம்மா (இங்கே சிஞ்ஞோரா என்பார்கள்) கேட்டதை நாகபூசணி "அரக்கன்" என்று தமிழில் சொன்னாள். நகுலேஸ்வரன் சிரித்தார்.

"ஓம், நான் அரக்கன்தான்."

சொன்னதை உடனே, கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது மொழிபெயர்ப்பவருக்கு விதி. அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"என்ன சொன்னார்?" சிஞ்ஞோரா பேனாவை எடுத்தார்.

"அண்ணை, முழுக்கச் சொல்லுங்கோ," என்றாள் நாகபூசணி.

"வேலையாலை வந்து மேசைக்குக் கீழை இருந்து உறுமுவன். பிள்ளை கத்திக்கொண்டு ஓடுவா. அரக்கனுக்கு இத்தாலியனிலை என்ன எண்டு கேட்டவ. போனிலை பாத்துச் சொன்னனான். பிழையோ?"

அத்தனையும் மொழிபெயர்த்தாள். பிறகு யாரும் கேட்காமலே, (இந்த வரியை நாலு தரம் வெட்டினாள்) "எங்கள் மொழியில் அந்தச் சொல்லுக்கு உங்கள் செய்தித்தாள் அர்த்தம் கிடையாது," என்றாள்.

[அவரை அவளுக்கு முன்பின் தெரியாது. சொல்லுக்குத்தான் சாட்சி சொன்னாள், ஆளுக்கு அல்ல. ஆனால் கேட்டவருக்கு அந்த வித்தியாசம்…]

4
சிஞ்ஞோரா பிள்ளையோடு தனியாக மூன்று முறை பேசினார். ஒரு மாதம் கழித்துக் கூப்பிட்டு, ஒன்றுமில்லை, விசாரணை முடிந்தது என்றார்.

"எல்லோரும் சிரித்தபடி வெளியே…"

(பொய். அதற்குள் அந்த மற்ற அர்த்தத்தை யாரோ நகுலேஸ்வரனுக்குச் சொல்லியிருந்தார்கள்.)

அலுவலகப் படியிறங்கும்போது தர்மிகா அவர் கையைப் பிடிக்கப் போனாள். அவர் முதலில் சுற்றிப் பார்த்தார். பிறகுதான் கையைக் கொடுத்தார்.

"அப்பா, இண்டைக்கு அரக்கன் வருமோ?"

"இல்லையம்மா. அரக்கன் போயிட்டுது."

"எப்ப திரும்பி வரும்?"

நகுலேஸ்வரன் நாகபூசணியைப் பார்த்தார், இதையும் அவள்தான் மொழிபெயர்க்க வேண்டும் என்பதுபோல. அவள் இரண்டு பதில்கள் எழுதிப் பார்த்தாள். இரண்டும் அவளுடையவை, அவருடையவை அல்ல. இரண்டையும் அடித்துவிட்டாள்.

வாசகரே, அடுத்த வரி உங்களுடையது. சுருக்கமாக எழுதுங்கள். பிள்ளை படியில் நிற்கிறாள்.