ஏழாம் புள்ளி

பாதி ரொட்டி சானாய் தட்டிலேயே கிடந்தது. தினேஸ்வரி மடிக்கணினியைப் படாரென்று மூடிவிட்டு எழுந்துகொண்டாள்.

"முஸ்அப், வண்டிய எடு. ரெட்டைப்பாலத் தோட்டத்துக்குப் போலாம்."

"இப்பதானே உக்காந்தோம்லா," என்றான் முஸ்அப். குழுவில் வண்டி ஓட்டுகிறவனும் அவன்தான், தண்ணீர் மொள்ளுகிறவனும் அவன்தான். கடைக்காரர் நைனா முகம்மது அவனுக்கு மாமா என்பதால் ரொட்டிக்கு எந்த ஆபத்தும் இல்லை, பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டார்.

விஷயம் இதுதான். பாகான் டத்தோ கழிமுகத்தில் இரண்டு வருடமாகச் சிப்பிகள் செத்துக் கரை ஒதுங்குகின்றன. அழுக்கு மேலேயிருந்துதான் வருகிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எங்கிருந்து என்பதில்தான் சண்டை. அதனால் கடலில் கலக்கிற ஆறு, ஆற்றில் விழுகிற ஓடை, ஓடையில் சேருகிற சாக்கடை என்று ஒன்று விடாமல் அளந்து வரைபடத்தில் புள்ளி வைக்கிற வேலை தினேஸ்வரியின் குழுவுக்கு வந்தது. நல்ல தண்ணீருக்குப் பச்சை, கெட்டதற்குச் சிவப்பு. பத்து காஜா பக்கத்து ஓடையில் ஏழாம் புள்ளி பழுத்த மிளகாய் மாதிரி சிவந்து கிடந்தது. அதற்குக் கீழே இருந்த எட்டாம் புள்ளியும் சிவப்புதான், கொஞ்சம் வெளிறிய சிவப்பு. இரண்டிலும் அமோனியா.

ஏழாம் புள்ளி ரெட்டைப்பாலத் தோட்டத்து லயத்துக்கு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, நேர் கீழே இருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டம் கைமாறி, மிச்சம் இருப்பது நாற்பது வீடு. அந்த நிலத்தின் மேல் கண் வைத்திருந்தவர்களுக்கு இந்தச் சிவப்பு வெல்லக்கட்டி. லயத்துக் கழிவுதான் ஆற்றைக் கெடுக்கிறது, ஆட்களைக் கிளப்புங்கள் என்று சொல்ல ஒரு காரணம் கிடைத்துவிட்டதே. மாவட்டக் கூட்டம் மறுநாள் காலை பத்து மணிக்கு. வரைபடத்தைக் காட்டப்போவது தினேஸ்வரி. இரண்டு நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று காலை ஆய்வுக்கூடத்து அட்டவணையை எத்தனையாவது முறையோ பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. ஏழாம் புள்ளியில் அமோனியா வானத்தைத் தொடுகிறது, ஆனால் மலக்கிருமி அநேகமாக இல்லை. நாற்பது வீட்டுக் கக்கூஸ் தண்ணீர் கிருமி இல்லாமல் எப்படி வரும்? எட்டாம் புள்ளியிலோ இரண்டும் இருந்தது. இத்தனை நாள் இதைப் பார்க்காமல் விட்டோமே என்று தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

மாதிரி எடுத்த நாளில் முஸ்அப் எட்டாம் புள்ளிக்குப் போயிருந்ததால் ஏழாம் புள்ளியில் தண்ணீர் எடுத்தவள் வீரம்மா, தினேஸ்வரிதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். லயத்தில் இன்னும் பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்க, போகிறவள் அவள் ஒருத்திதான், பக்கத்துச் சின்னத் தோட்டத்தில் மூன்று ஏக்கர். அவர்கள் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, மரம் வெட்டி முடித்து அப்போதுதான் வந்திருந்தாள்.

"அக்கா, அன்னிக்கு எப்படி தண்ணி எடுத்தீங்களோ, அதே மாதிரி இப்ப எடுத்துக் காட்டுங்க."

"நீ சொன்ன மாதிரிதான் எடுத்தேன்மா. போத்தல மூணு வாட்டி அலசச் சொன்ன, மூணு வாட்டியும் அலசினேன்." சொல்லிக்கொண்டே வீரம்மா ஒரு வாளியில் கயிற்றைக் கட்டிச் சரிவான கரையிலிருந்து கீழே விட்டாள். தண்ணீரை மேலே இழுத்து, அந்தத் தண்ணீரிலேயே போத்தலை ஒழுங்காக மூன்று முறை அலசினாள். பள்ளிக்கூடப் பிள்ளைகூட அத்தனை சுத்தமாகச் செய்யாது.

தினேஸ்வரி வாளியைப் பார்த்தாள். விளிம்பில் வெள்ளையாகப் பால் காய்ந்திருந்தது. குனிந்து மோந்தவளுக்கு மூக்கில் சுர்ரென்று ஏறியது.

"இது பால் வாளியாக்கா?"

"ஆமா. கரையில எறங்கினா வழுக்குதுல்ல?"

"பால் தவிர இதுல வேற என்னா ஊத்துவீங்க?"

"பால் கட்டாம இருக்க ரெண்டு சொட்டு அமோனியா. தோட்டத்துல பொறந்த புள்ள, இதுகூட தெரியாதா?"

தினேஸ்வரி அப்படியே புல்லில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு அடங்குவதற்குள், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு முஸ்அப் போத்தலோடு கரையில் இறங்கிவிட்டான். இறங்கினான் என்பது மரியாதைக்குச் சொல்வது. சறுக்கிக்கொண்டு போய் இடுப்பளவு தண்ணீரில் நின்றான். மேலே வந்த தண்ணீரைச் சோதனைக் குழாயில் ஊற்றி மருந்து விட்டார்கள். அமோனியா இருந்தால் ஐந்து நிமிடத்தில் பச்சையாகும், இல்லாவிட்டால் மஞ்சளாகவே நிற்கும்.

மஞ்சளாகவே நின்றது. மறுபடி செய்தார்கள், மஞ்சள். மூன்றாவது தடவையும் மஞ்சள்தான். தினேஸ்வரி சோதனைக் குழாயை வெயிலில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அத்தனை சந்தோஷம்.

வீரம்மா சிரிக்கவில்லை. "அப்ப எங்க வீடுகளுக்கு செவப்பு வச்சது நாந்தானா?"

"தப்பு எங்க மேலதான்க்கா. வாளி தரணும்னு எங்களுக்குத் தோணல."

"அப்ப எட்டாம் புள்ளி?" என்றான் முஸ்அப் நனைந்த காற்சட்டையைப் பிழிந்தபடி. "அத நான் கையால மொண்டேன். வாளியே கெடையாது."

எட்டில் இருப்பது ஏழிலிருந்து வழிந்து வந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஏழு சுத்தம் என்றால், அழுக்கு இரண்டுக்கும் நடுவில் எங்கோ இறங்குகிறது. திருடன் இத்தனை நாளும் இந்த எண்ணூறு மீட்டருக்குள் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறான்.

"நடுவுல வீடே இல்லம்மா," என்றாள் வீரம்மா. "ரப்பர் காயவச்ச பழைய பொகைக்கூடு தாண்டினா கோழிப் பண்ணை ஒண்ணு இருக்கு. போன வருசம்தான் தகரம் அடிச்சி அடைச்சானுங்க. வாங்க, வழி தெரியும்."

மரம் வெட்டும் கத்தியோடு அவள் முன்னால் நடந்தாள். நூறு அடிக்கு ஒரு தடவை நின்று சோதித்தார்கள். மஞ்சள். மஞ்சள். மறுபடி மஞ்சள். புகைக்கூட்டைத் தாண்டியதும் குழாயில் இளம்பச்சை தட்டியது. அடுத்த நிறுத்தத்தில் மருந்து விட்ட மாத்திரத்தில் கரும்பச்சை. தினேஸ்வரி அதற்குமேல் நடக்கவில்லை, ஓடினாள். முட்கள் கையைக் கிழித்ததை வீட்டுக்குப் போன பிறகுதான் கவனித்தாள்.

கரையோரம் செம்பனை மட்டைகள் குவிந்திருந்தன. மட்டை தானாக விழுந்தால் இப்படி அடுக்கி வைத்த மாதிரி விழாது. வீரம்மா நான்கு மட்டையை இழுத்து எறிந்தாள். அடியில் கையகலக் குழாய், அதிலிருந்து சாம்பல் நிறத் தண்ணீர், தண்ணீரோடு கோழி இறகு. முஸ்அப் மூக்கைப் பொத்திக்கொண்டே படம் எடுத்தான், தினேஸ்வரி இடத்தைக் குறித்துக்கொண்டாள். ஏழில் ஒரு போத்தல், இங்கே ஒரு போத்தல், இரண்டையும் ஐஸ் பெட்டியில் வைத்தாயிற்று. மூன்று மணிக்குள் ஈப்போ ஆய்வுக்கூடத்தில் கொடுத்துவிட்டால் நாளைக் காலைக்குள் எழுத்தில் கிடைக்கும்.

வண்டிக்கருகில் வந்ததும் தினேஸ்வரி கைப்பேசியில் வரைபடத்தைத் திருத்தினாள், வீரம்மா எட்டிப் பார்த்தாள். ஏழாம் புள்ளி பச்சையாகியிருந்தது.

"இது நல்ல பச்சையா, அந்த மருந்து விட்ட கொழா பச்சையா?"

"நல்ல பச்சைக்கா."

"நாளைக்கு கூட்டத்துல, நீங்களே மாத்தி எழுதிட்டீங்கன்னு நெலத்து மேல கண் வச்சவனுங்க சொல்ல மாட்டானுங்களா?"

தினேஸ்வரிக்குச் சுருக்கென்றது. கட்டாயம் சொல்வார்கள்.

வீரம்மா கயிற்றைச் சுருட்டினாள். "அப்ப நானும் வாரேன். எப்படி தப்பா எடுத்தேன்னு அவனுங்க முன்னாலேயே எடுத்துக் காட்டுறேன். வெக்கம் என்னா வெக்கம், நாப்பது வீடு இருக்கு." வாளியைத் தூக்கிக்கொண்டு குழாயடிப் பக்கம் திரும்பினாள். "இத கழுவிக் கொண்டாரேன்."

"ஐயோ அக்கா," என்று தினேஸ்வரி ஓடிப்போய் வாளியைப் பிடித்துக்கொண்டாள். "கழுவாம கொண்டாங்க."